வாடகை அடுப்பங்கரையில் காந்தத் தகடு: சுவரைத் துளைக்கும் முன்

வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று வேலை தேடி வருகிற குடும்பங்கள் மீஞ்சூர், அத்திப்பட்டு, பழவேற்காடு பக்கம் வாடகைக்கு இருக்கின்றன. அந்த வீடுகளின் அடுப்பங்கரையில் பெரும்பாலும் ஒரு மேடை, ஓர் அலமாரி, அவ்வளவுதான். சுவரைத் துளைத்து ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்திவிட்டால் அடியில் காந்தம் வைத்த மசாலா டப்பாவும் கரண்டியும் அதில் ஒட்டி நிற்கும், மேடை காலியாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டைக் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் தகராறு தொடங்குவதும் இந்த மாதிரி ஓட்டைகளில்தான்.

உரிமை என்ன?

சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 108-இன்படி, குடியிருப்பவர் தான் பொருத்திய பொருளை, வீடு தன் வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கொள்ளலாம். வீட்டை மட்டும் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஆக, தகடு உங்களுடையது. ஓட்டையை அடைக்கும் பொறுப்பும் உங்களுடையது. ஒப்பந்தத்தில் ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்றிருந்தால் அந்த நிபந்தனைதான் செல்லும்.

மீஞ்சூர் பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும் துணை நிற்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அடுப்பங்கரைப் பொருத்துகளின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. மின் வயரிங் உரிமையாளர் பொறுப்பு. தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்த முடியாது.

ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து மின்சாரம். சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் குழாய் ஓடும். அங்கே டிரில் இறங்கினால் திருகாணி வழியாகத் தகடு முழுவதும் மின்சாரம் பாயலாம். ஈரக் கையோடு தொடுகிற இடம் அது. சுவிட்சுக்கு நேர்க்கோட்டைத் தவிருங்கள். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே துளையுங்கள்.

இரண்டாவது, உப்பு. கடலோரச் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொருமியிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றோசை வந்தால் அந்தச் சுவர் எடை தாங்காது. ஒட்டு டேப்பும் பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். சாதா இரும்புத் தகடு வெட்டிய விளிம்பிலிருந்தே துருப்பிடிக்கும்; அந்தக் கறை சுவரில் இறங்கினால் அட்வான்ஸில் கழிப்பார்கள். 304 ரக எவர்சில்வரில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. 430 ரகத்தில் ஒட்டும். ஆனால் உப்புக் காற்றை 304 அளவுக்குத் தாங்காது. வாங்கும்போதே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பொருத்தியபின் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர விடுங்கள்.

மூன்றாவது, வெப்பம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அடுப்புக்கு மேலே தகடு வேண்டாம். சிறு காந்தங்கள் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலில் துளை விழலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீர்வு என்ன?

துளைக்கும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: “அண்ணா, அடுப்பங்கரைச் சுவரில் 4 திருகாணி போட்டு ஒரு தகடு மாட்டிக்கொள்கிறேன். காலி செய்யும்போது ஓட்டையை அடைத்து வண்ணம் அடித்துத் தருகிறேன். சம்மதமா?” அவர் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணு எழுத்தையும் எழுத்தாகவே ஏற்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. துளைக்கும் முன்பும் காலி செய்யும்போதும் சுவரைப் படம் எடுத்து வையுங்கள்.

சம்மதம் கிடைக்காவிட்டால் ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலோ, மேடைமேல் நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டிலோ காந்த டப்பாக்களை ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு சிறு ஓட்டைக்காக வீட்டுக்காரர் அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டால், எவ்வளவு கழித்தார், எதற்குக் கழித்தார் என்று எழுத்தில் கேளுங்கள். நகர்ப்புறமானால் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். எந்த ஊரானாலும் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

வாய்ப்பேச்சை மட்டும் நம்பிச் சுவரைத் தொடாதீர்கள். முதலில் சம்மதம், அடுத்து படம், அதன் பிறகே டிரில்.