நெல் என்று எழுதினேன், அரிசி என்று தேடினார்கள்

வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டுக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கரில் மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கொஞ்சம் கருப்புக் கவுனி போடுகிறேன். வியாபாரியிடம் நெல்லாகக் கொடுத்து நட்டப்பட்டது போதும், அரிசியாக்கி நாமே விற்போம் என்று ஒரு இணையதளம் போட்டேன். எட்டு மாசம் ஆயிற்று. அதைப் பார்த்து ஒருத்தர்கூட போன் பண்ணவில்லை.

பொங்கலுக்கு வந்த மகள் அதைத் திறந்து பார்த்தாள். முதல் வரியில் 'இரசாயனமற்ற முறையில் விளைவிக்கப்பட்ட மரபு நெல் இரகங்கள்' என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

"அப்பா, நீங்க நெல்லு விக்கிறீங்களா, அரிசி விக்கிறீங்களா?"

"அரிசிதாம்மா."

"அப்புறம் ஏன் நெல்லுன்னு எழுதியிருக்கீங்க? வீட்ல சமைக்கிறவங்க 'மரபு நெல் இரகம்'னு தட்டியா தேடுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் இருந்தபோதே பார்த்த விஷயம்தான் இது. சுற்றறிக்கையில் 'தங்க ஆபரண ஈட்டின் பேரில் கடன்' என்று இருக்கும். கவுண்டருக்கு வருகிறவர், "சார், நகைய வச்சா எவ்வளவு குடுப்பீங்க?" என்றுதான் கேட்பார். அவர் கேட்கிற வார்த்தையில் போர்டு எழுதி வைத்தால் உள்ளே வருவார். இணையதளத்துக்கும் அதே கணக்குதான். ஜனங்கள் கூகுளில் தட்டுகிற வார்த்தைக்குத் தேடுசொல், அதாவது கீவேர்டு என்று பேர். அதைக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் கீவேர்டு ரிசர்ச் என்கிறார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாதி வேலை நோட்டும் பேனாவும்தான்.

முதலில், நம்மிடம் வாங்குகிறவர்கள் பேசுகிற பேச்சை எழுதி வையுங்கள். போனில், வாட்ஸ்அப்பில், சந்தையில் என்ன கேட்டார்கள்? என் நோட்டில் ஒரு மாசத்தில் சேர்ந்தவை: 'சிவப்பரிசி', 'கவுனி அரிசி கிலோ என்ன விலை', 'கஞ்சிக்கு எது நல்லது', 'மாப்பிள்ளை சம்பா எவ்வளவு நேரம் ஊறணும்', 'அவல் இருக்கா'. இதில் ஒன்றுகூட என் இணையதளத்தில் இல்லை.

அடுத்து, அந்த வார்த்தைகளைக் கூகுளில் பாதி மட்டும் தட்டிப் பாருங்கள். மீதியை அதுவே கீழே வரிசையாகக் காட்டும். மற்றவர்கள் தேடியதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்த வரிசை வருகிறது. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் தொடர்புள்ள தேடல்கள் என்றும் சில வரும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறைநிலை ஜன்னலில், அதாவது இன்காக்னிட்டோவில் தேடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முன்னே தேடியதன் சாயல் முடிவில் கலந்துவிடும்.

நம்ம ஊர்க்காரர்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள். தமிழில், ஆங்கிலத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. 'மாப்பிள்ளை' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருத்தர் ஒரு 'பி' போட்டு அடிப்பார், இன்னொருத்தர் இரண்டு போடுவார். மூன்று வகையிலும் தேடிப் பார்த்தால்தான் முழுப்படம் தெரியும்.

பிறகு கூகுள் ட்ரெண்ட்ஸ். காசு கிடையாது. இரண்டு மூன்று வார்த்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் எதை எப்போது அதிகம் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அதில் வருகிற 100 என்பது நூறு பேர் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் இருந்த உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

தேடுகிறவர் எண்ணிக்கை வேண்டும் என்றால் கூகுள் விளம்பரக் கணக்கில் கீவேர்டு பிளானர் என்ற கருவி இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு 'மாதம் 100 முதல் 1,000 வரை' என்கிற மாதிரி தோராயமாகத்தான் சொல்லும். நமக்கு அது போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணிக்கை பெரிசாக இருக்கிற வார்த்தையைப் பிடிக்க ஓடுகிறார்கள். 'அரிசி' என்று போட்டு முதல் பக்கத்தில் நிற்க நம்மால் ஆகாது. பெரிய கம்பெனிகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. நாம் கடைமடைக்காரர்கள். 1934-லிருந்து கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்றாலும், அது நம்ம வயலுக்குள் வந்து சேருவது கிளை வாய்க்கால் வழியாகத்தான். அது மாதிரி நீளமான, குறிப்பான வார்த்தைகளைப் பிடியுங்கள். 'மாப்பிள்ளை சம்பா அவல் பட்டுக்கோட்டை' என்று தேடுகிறவர் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர் வாங்கத்தான் தேடுகிறார்.

கண்டுபிடித்த வார்த்தையைப் பக்கத்தின் தலைப்பில், முதல் பத்தியில், படத்தின் விளக்கத்தில் இயல்பாக வையுங்கள். ஒரு அரிசிக்கு ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கீவேர்டு பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. ஒரே வார்த்தையை ஐம்பது தடவை திணிப்பதும் வேண்டாம். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத்தான் நிற்கும், பின்னாலேயே புகையான் வரும். இதுவும் அப்படித்தான், கூகுள் நம்மைக் கீழே தள்ளிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

'மாப்பிள்ளை சம்பா' என்று தட்டியபோது அதோடு சேர்ந்து வந்த வார்த்தைகளில் ஒன்று 'சர்க்கரை நோய்'. கருப்புக் கவுனிக்கும் அப்படியே. இந்த வேலைக்காக நான் பேசிய ஒரு ஆள், "சார், 'சர்க்கரையைக் குணமாக்கும் அரிசி'ன்னு ஒரு தலைப்பு வைங்க, ஆறே மாசத்துல முதல் பக்கம், கேரண்டி" என்றார். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அது ஒரு பக்கம். இரண்டு நாள் எனக்கும் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. மூட்டைகள் வீட்டில் அடுக்கிக் கிடந்தன.

மூன்றாம் நாள் தெரிந்தவர் மூலமாக ஒரு அம்மா போன் பண்ணினார். "சார், இந்த அரிசி சாப்பிட்டா மாத்திரைய நிறுத்திடலாமா?"

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தலைப்பை நான் வைத்திருந்தால், அதைப் படித்துவிட்டு இப்படிக் கேட்காமலேயே மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருப்பார்களே! "நிறுத்தாதீங்கம்மா, டாக்டர்ட்ட கேக்காம எதுவும் செய்யாதீங்க" என்றேன். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டமே தடுக்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018-இல் தனி விதிகளும் வந்துவிட்டன.

ஆனால் அந்தத் தேடுசொல்லை நான் ஒதுக்கவில்லை. ஜனங்கள் பயத்தோடு கேட்கிற கேள்வி அது. யாராவது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 'சர்க்கரை உள்ளவர்கள் மாப்பிள்ளை சம்பா சாப்பிடலாமா?' என்று ஒரு பக்கம் எழுதினேன். இதுவும் அரிசிதான், மாவுச்சத்து இதிலும் இருக்கிறது, தவிடு நீக்காததால் நார்ச்சத்து கூடுதல், அளவு முக்கியம், மாத்திரையை நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

கூகுள் சர்ச் கன்சோல் என்று இலவசக் கருவி ஒன்று உண்டு. நம் பக்கம் எந்த வார்த்தைக்கு எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். வாரம் ஒரு தடவை, வயலில் தண்ணி பார்க்கிற மாதிரி பார்க்கிறேன். ஒரு சம்பாப் பட்டம் பொறுத்திருந்த பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. அதிகம் பேர் உள்ளே வருவது அந்தச் சர்க்கரைப் பக்கம் வழியாகத்தான். முதல் பக்கத்தில் முதல் ஆளாக நான் இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டில் மூட்டை தேங்கவில்லை.

நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து விதைத் திருவிழா நடத்தி உழவர் கையில் கொடுத்தார். அந்த ரகங்களின் பேரை இன்றைக்கு நகரத்தில் ஒரு பெண் போனில் தட்டித் தேடுகிறார். தேடுகிறவருக்கு, அதை விளைவித்தவன் சொல்லும் உண்மையான பதில் கிடைக்க வேண்டாமா? நாம் எழுதாவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது பொய்யை எழுதி வைப்பார்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு நோட்டை எடுங்கள். கடைசியாக உங்களிடம் வாங்கிய பத்துப் பேர் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.