இசைப்பதிவும் பாயிரமும்: அறியப்படாத சுயாதீன, பரிசோதனை இசை வெளியீடுகளைக் கண்டடைதல்

ஆய்வுச்சுருக்கம்

பெருநிறுவனச் சார்பின்றி வெளிவரும் சுயாதீன இசையும் பரிசோதனை இசையும் கேட்போரைச் சென்றடையாமைக்கு விளம்பரமின்மையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. பதிவோடு இணைந்து வரவேண்டிய குறிப்பு குறைவுபடுவதே அதனினும் அடிப்படையான காரணம் என்பதை, நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணத்தைத் துணைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, பரிசோதனை இசை, பாயிரம், மீத்தரவு, மறுவெளியீடு, பரிந்துரை நிரல்

முன்னுரை

ஓர் இசைப்பதிவு வெளியாவதும் அது கண்டடையப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். முன்னது இன்று மிக எளிது. கணினியும் இணைய இணைப்பும் உடைய எவரும் தம் இசையை ஒரே நாளில் உலகெங்கும் வெளியிடலாம். பின்னது எளிதாகவில்லை; பதிவுகள் பெருகப் பெருக அது கடினமாகியே வருகிறது. பெயர் தெரிந்த கலைஞரைத் தேடிச் சென்று கேட்பது ஒரு செயல். பெயரே தெரியாத ஒருவரின் இசையை எதிர்கொள்வது மற்றொரு செயல். இரண்டாவதற்குத் தேடுபவரின் ஆர்வம் மட்டும் போதாது; தேடப்படும் பொருளும் தன்னைப் பற்றிச் சிறிதேனும் சொல்லியாக வேண்டும்.

பாயிரம் என்னும் கருவி

நூலைப் பற்றி நூலுக்கு முன்னே நின்று சொல்வது பாயிரம். சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவையாக நூலைச் செய்தவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், தொகுப்பு முறையாகிய யாப்பு, நுதலிய பொருள், கேட்டற்குரியோர், பயன் ஆகிய எட்டனையும் நன்னூல் கூறுகிறது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதையும் அதுவே பதிவு செய்கிறது. இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படும் செய்திகளை இவற்றோடு வைத்து நோக்கினால் பெரும்பாலும் பொருந்தி வருவதைக் காணலாம்.

1977 சனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழுவினர் கடனாகப் பெற்ற ஐந்நூறு பவுண்டைக் கொண்டு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். அதன் உறையில் ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது, பின்னர் எந்தக் கருவி சேர்க்கப்பட்டது என்பன வரை குறிக்கப்பட்டிருந்தன. கேட்பவருக்கு அது தகவல் மட்டுமன்று. இதனைத் தாமும் செய்யலாம் என்னும் துணிவு. நன்னூலார் மொழியில் அதனைப் பயன் எனலாம்.

பாயிரம் உரைத்தற்குரியோர் யார் என்பதும் நோக்கத்தக்கது. ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருக்கே அது உரியது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது மரபு. அறியப்படாத இசையின் வரலாற்றில் இவ்விதி வியப்பூட்டும் வகையில் மெய்ப்படுகிறது.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு

மும்பையின் இந்தித் திரையிசைக் குழுக்களில் கிட்டார் முதலிய கருவிகளை வாசித்து வந்தவர் சரண்ஜித் சிங். 1982இல் அவர் ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகிய மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்துப் பதிவு செய்தார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் அத்தொகுப்பு எச்.எம்.வி. வெளியீடாக வந்தும் விற்பனையில் தோல்வியுற்றது. பெருநிறுவனத்தின் பெயர் உறையில் இருந்தும் பதிவு மறைந்துபோனது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். வெளியீட்டாளரின் அளவு மட்டுமே ஒரு பதிவைக் காப்பதில்லை.

2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் எடோ பவ்மன் தில்லிக் கடையொன்றில் அத்தட்டைக் கண்டெடுத்தார். பின்னர் மும்பையில் சரண்ஜித் சிங்கையே நேரில் கண்டு பேசி, 2010இல் தம் ‘பாம்பே கனெக்ஷன்’ வெளியீடாக அதனை மீண்டும் கொணர்ந்தார். சிகாகோ நகரில் 1987இல் வெளியான ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பதிவே ஆசிட் ஹவுஸ் இசைவகையின் தொடக்கம் எனக் கருதப்பட்டு வந்தது. அவ்வகையை ஒத்த ஒலியை ஐந்தாண்டு முன்னரே மும்பைக் கலைஞர் ஒருவர் எழுப்பியிருந்தார் என்பதை நம்ப இயலாத சிலர், மறுவெளியீட்டை இக்காலத்தவர் புனைந்த போலி என ஐயுற்றனர். மூலத்தட்டு கையில் இருந்ததும், இசைத்தவர் உயிரோடு இருந்ததும் ஐயத்தை நீக்கின. முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை வாசித்த சரண்ஜித் சிங் 2015இல் மறைந்தார்.

அவர் ஆசிட் ஹவுஸை ‘முன்கூட்டியே கண்டுபிடித்தார்’ எனக் கூறுவது மிகை. அவரிடமிருந்து சிகாகோவுக்குச் சென்ற வழி ஏதும் இல்லை. ஒரே கருவி இருவேறு களங்களில் ஒத்த ஒலிக்கு இடமளித்தது என்பதே பொருந்தும். வழி, களம், காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தால்தான் இவ்வேறுபாடு புலப்படும். பாயிர உறுப்புகளின் நுட்பம் இத்தகைய இடங்களில் விளங்குகிறது.

அகமதாபாத் நாடாக்கள்

வெளியிடப்படாமலே இருந்த இசைக்கு மற்றொரு சான்று, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் உருவான மின்னணு இசை. 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கு மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா, அதுல் தேசாய் ஆகியோர் அதில் இயற்றியவை ஒலிநாடாக்களாக நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே தங்கிவிட்டன. இவர்களுள் கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். ஆயினும் மேலை நவீன இசை வரலாற்றில் அவர் பெரும்பாலும் கேஜின் வாழ்க்கைக் குறிப்பில் வரும் ஒரு பெயராகவே நின்றார், இயற்றியவராக அறியப்படவில்லை.

இலண்டனில் இயங்கும் கலைஞர் பால் பர்கஸ் அந்நாடாக்களைக் கண்டறிந்து, ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்னும் தொகுப்பாக 2023இல் வெளிக்கொணர்ந்தார். கட்டுரைத் தொகுதி ஒன்றையும் பதிப்பித்தார். பவ்மனும் பர்கஸும் செய்தது உரைகாரர் பணி. பிறர் படைப்புக்குப் பாயிரம் எழுதி அவையேற்றிய பணி அது. இருவரும் வெளிநாட்டில் இயங்குபவர் என்பது தற்செயல் அன்று. பழைய பதிவுகளைத் தேடி மறுவெளியீடு செய்யும் சிறு நிறுவனங்களும் அவற்றை விலை கொடுத்து வாங்கும் கேட்போரும் அங்கு மிகுதி.

தளங்களின் பரிந்துரை

ஸ்ட்ரீமிங் தளங்கள் இவ்வுரைகாரரின் இடத்தில் நிரலை அமர்த்தின. ஒருவர் கேட்டவற்றைப் பிறர் கேட்டவற்றோடு ஒப்பிட்டு, ஒத்த சுவையுடையோர் விரும்பியதை அவருக்குக் காட்டுவது இதன் அடிப்படை. எவரும் கேளாத பதிவுக்கு ஒப்பிடத் தரவு இல்லை. எனவே அது காட்டப்படுவது அரிது. காட்டப்படாமையால் மேலும் கேட்கப்படுவதில்லை. ஒலியையே பகுத்தாயும் முறைகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. பரிசோதனை இசைக்கு அவையும் முழுமையாகப் பயன்படா. முன்னுள்ள எதனோடும் ஒத்திராமையே அதன் இயல்பு. 2024 முதல் ஸ்பாட்டிஃபை தளத்தில் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுகள் உரிமைத்தொகைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

2008இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப் தளத்தின் வழி வேறு. அங்குக் கலைஞரே தம் பதிவுக்கு வகைப்பெயரும் ஊர்ப்பெயரும் இட்டு, இசைத்தோர் விவரத்தையும் எழுதலாம். ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுபவர் அவ்வூரின் அறியப்படாத கலைஞரை அடைகிறார். எட்டனுள் எல்லை ஒன்றே இவ்வளவு பயன் தருகிறது.

பதிவுகளுக்கு வழங்கப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்துக் குறியீடு, அதில் அடங்கும் ஆண்டு பற்றி ஒரு தெளிவை வேண்டுகிறது. அது குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டே. இசை பதிவான ஆண்டன்று. அதனைப் பதிவுக் காலமாகக் கொள்ளும் ஆய்வாளர் பல பத்தாண்டுகள் பிழைபடக் கூடும்.

தமிழ்ப் பதிவுகள்

திரைக்கு வெளியே இயங்கும் தமிழ் இசையில் ஆக்கியோன் பெயரே முதற்சிக்கல். இசை வணிகத்தில் ‘கலைஞர்’ என்னும் கட்டம் பாடுபவருக்கு உரியது. தமிழ் மரபில் பாட்டு இயற்றியவருக்கு உரியது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை எழுதிப் பாடியவர்களுள் ஒருவரான அறிவு, தம் பாட்டியின் தேயிலைத் தோட்ட வாழ்வே அதன் பின்புலம் எனப் பொதுவெளியில் கூறியுள்ளார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அவர் இடம்பெறாதது பெரும் விவாதமாயிற்று, இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். உலகெங்கும் கேட்கப்பட்ட பாடலுக்கே இந்நிலை எனில், சில நூறு பேர் மட்டும் கேட்ட பதிவில் எழுதியவரும் பறையிசைத்தவரும் எளிதில் மறைவர். பெயர் மறைந்தமையால் பாட்டின் தொடரே பெயரான செம்புலப்பெயனீரார் முதலிய குறுந்தொகைப் புலவர்க்கேனும் தொகுத்தோர் ஒரு பெயர் இட்டனர்.

எழுத்துப்பெயர்ப்பு அடுத்த சிக்கல். தளங்களில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் உள்ளன. ழகரம், நெடில், வல்லின இரட்டிப்பு ஆகியவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக எழுதுவதால் ஒரே கலைஞர் பலராகச் சிதறுகிறார். ‘தமிழ்’ என்னும் மொழிப்பெயரையே வகைப்பெயராக இடுவதால், மலேசியாவில் யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் ராப் தொகுப்பும், சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் கானாப் பாடல்களும் ஒரே குவியலில் வீழ்கின்றன. இசைப்பதிவுகளை யாவரும் தொகுத்துத் திருத்தக்கூடிய டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் முதலிய பொதுத் தரவுதளங்களில் ஒரு பெயரின் பல வடிவங்களை இணைத்து எழுத இடமுண்டு. தமிழ் எழுத்திலும் எழுதலாம். சுவடிகளின் ஈற்றுக் குறிப்புகளை ஒப்புநோக்கி ஆசிரியர் பெயரை உறுதி செய்யப் பயின்ற பதிப்பாய்வு மாணவர்க்கு இது புதிய பணியன்று. பாடலாசிரியர், இசைத்தோர், பதிவு செய்த ஊர், பதிவான ஆண்டு ஆகிய நான்கையும் இசைத்தவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதும் வாய்ப்பு, ஏட்டுச்சுவடி தேடியவர்களுக்குக் கிட்டாதது.