குளக்கட்டும் கோட்டைச் சுவரும்

சென்ற தவணையிலே மேல்வகுப்பு மாணவர்க்குத் தமிழர் கட்டடக்கலை பற்றிய பாடமொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களிலே தொடங்கி, முதலாம் இராசராசன் 1010 ஆம் ஆண்டிலே நிறைவேற்றிய தஞ்சைப் பெருங்கோயிலைக் கடந்து, மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனைத் தூண்கள்வரை வந்துவிட்டேன். பல்லவர், சோழர், நாயக்கர் எனக் காலம் படிப்படியாக ஏறிவருவதைக் கரும்பலகையிலே வரைந்து காட்டியபோது எனக்கே ஒரு பெருமிதம். அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கடை வன்னியிலை என்ன இருக்கு?" என்று கேட்டான்.

கீழைத்தேயக் கல்லூரியிலே சிற்பநூற் பெயர்களையெல்லாம் நெட்டுருப் பண்ணியவன் நான். ஆயினும் விடை சொல்ல வாயெழவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று தப்பிக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு மூன்று மாதஞ் சென்றது.

முதலில் என் நினைவு கோட்டைகளின்மேற் சென்றது. பூநகரியிலே போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த சதுரக் கோட்டையொன்று உண்டு. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள்; கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழிக்கு அது காவல். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் 1715 இல் மரவேலி நட்டுக் கோட்டை என்றனர்; 1721 இல் நாற்கோணமாக அதனைப் பெருப்பித்தனர். பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போன அந்தக் கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803 ஆகத்து 25 இல் பிடித்தான். அவ்வாண்டு ஒற்றோபர் 31 இல் கற்சிலைமடுவிலே அவன் தோல்வியுற்றான். பூநகரிக் கோட்டை சிதைந்து நிற்கிறது. முல்லைத்தீவுக் கோட்டையைத் தேடிப் போகிறவன் வரலாற்றைத்தான் மனத்தினாற் காணவேண்டும். இவை நம்மை அடக்க வந்தவர் கட்டியவை. மாணவன் கேட்டது இதுவன்று என்று என் நெஞ்சு சொல்லிற்று.

காட்டினுள்ளே செங்கல்லும் கற்றூணுமாய்ச் சிதறிக் கிடக்கும் இடங்களும் பல. அவற்றைக் கட்டியவர் யார் என்ற வழக்கு இன்று பெருஞ் சூடேறி நிற்பதால், பள்ளிக்கூட வாத்தியாராகிய நான் அதற்குள் தலையிட விரும்பவில்லை.

கோயில்களோ? நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலன்று வன்னி முழுவதும் திரளும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரத்தின் கதை இன்னும் இனியது: குரக்கன் கொய்த நிலத்தில் ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டதாம், ஊர்ப்பெயரே அதற்குச் சான்று என்பர். ஒரு பெருங்கோயிலின் தோற்றத்தை வயலின் தாளிலே வைத்துச் சொல்லும் மக்கள் தம் பொருளையும் உழைப்பையும் எதிலே வைத்திருப்பர்? இந்தக் கேள்வி தோன்றிய பிறகே என் தேட்டம் நேர்வழிப்பட்டது.

வன்னிக் கமக்காரன் தன் வீட்டைக் கல்லாற் கட்டினானல்லன். பாலை, முதிரைக் கப்புகள், காட்டுத்தடி வரிச்சு, குழைத்த மண், மேலே புல் அல்லது வைக்கோல். நான் பிறந்ததும் அத்தகைய வீட்டிலேதான். மழையிற் கரைந்தால் அடுத்த கோடையில் மீண்டும் பூசுவோம். ஆனால் குளக்கட்டு கரையவிடக்கூடாத மண்.

வவுனிக்குளத்தை ஆராய்ந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் என்றி பார்க்கர், 1909 இல் வெளிவந்த தம் நூலிலே பண்டைக் குளங்களின் துருசு அமைப்பை வியந்து எழுதினார். குளக்கட்டினுள்ளே கல்லாற் கட்டிய சதுரக் கிணறொன்று. குளத்து நீர் சுருங்கை வழியாக அதனுள் வந்து வேகம் தணிந்து, வேண்டிய அளவே வெளியேறும். கட்டையும் அரிக்காது, வயலையும் வாட்டாது. ஐரோப்பியர் பிற்காலத்திலே கண்ட முறையை இலங்கைத் தீவினர் பன்னூறாண்டு முன்னரே கையாண்டனர் என்பது அவர் கருத்து. இதனைக் கட்டடக்கலை என்று என் பாடநூல் சொல்லவில்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரணைமடு அடுத்த காலத்துச் சான்று. இரணை என்பது இரட்டை. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிய வேலை 1920 அளவில் முடிந்தது. பின்வந்தோர் கட்டைப் பலமுறை உயர்த்தினர். அந்நீரை நம்பி 1936 இல் குடியேற்றம் வந்தது; கிளிநொச்சி பட்டணமாயிற்று.

அப்பட்டணத்துக் கொங்கிறீற்று நீர்த்தாங்கி, போரின் இறுதிக்கட்டத்தில், 2008 இன் முடிவிலே தகர்க்கப்பட்டுப் பக்கவாட்டில் விழுந்தது. பின்பு அதைப் பார்க்கப் பேருந்து பேருந்தாகச் சனம் வந்தது. படம் எடுத்தனர், போயினர். அவ்வேளையில் எங்கள் கட்டடக்கலை தறப்பாளாயிருந்தது. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை எத்தனை குடும்பம் அதன் கீழ் வெந்தது! தகரக்கொட்டில் அதற்கடுத்த படி. இந்திய உதவியால் வந்த 550 சதுர அடி வீடு அதற்கும் அடுத்தது. பல்லவர், சோழர், நாயக்கர் என்று நான் எழுதிய பலகையில் இந்தப் படிகளுக்கும் இடம் வேண்டுமன்றோ?

புரட்டாதிக் கடைசியில், மாரி தொடங்குமுன், அம்மாணவனையும் தோழரையும் அவனது ஊர்ச் சிறுகுளத்துக்கு அழைத்துச் சென்றேன். எண்பதைக் கடந்த கமக்காரர் ஒருவர் கட்டிலே இருந்தார். வயற்பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குக் குளக்கட்டிலும் வேலைப்பங்கு இருந்த பழைய வழக்கை அவர் சொன்னார். மாணவன் தன் கேள்வியை விடவில்லை.

"இதைக் கட்டினது ஆர், அப்பு?"

"முதல் கட்டினவையை ஆருக்குத் தெரியும் மேனே? அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலிலை நீ நிக்கிற இடம் உடைஞ்சது. உன்ரை பூட்டனும் என்ரை ஐயாவும் மண் வெட்டிச்சினம். நான் கூடை சுமந்தனான்."

மாணவன் ஓரடி விலகிக் குனிந்து பார்த்தான். புல் மூடியிருந்தது. உடைந்து அடைத்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வேறுபாடு என் கண்ணுக்குத் தெரியவில்லை.