பாட்டுச் சரக்கில் ரகமும் விலையும்

மளிகைச் சரக்கைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் பாட்டுச் சரக்கைப் பற்றி எழுதுகிறோமே என்று உறுப்பினர்கள் நினைக்க வேண்டாம். ரகம் பிரித்து, ரகத்துக்கு ஒரு விலை வைத்து விற்கும் தொழில்தான் அதுவும். நம்மில் பாட்டுப் பைத்தியங்களும் பலர் உண்டு. கம்ப்யூட்டரில் பாட்டு வாங்கிச் சேர்ப்பவர்கள் கொடுக்கும் பணத்துக்குச் சரக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் படிக்கணக்கு. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் பாட்டின் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. மனிதக் காது நல்ல இளவயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். (அறுபதைத் தாண்டிய நமக்கு அதில் பாதியோ, சற்று மேலோதான் மிச்சம்.) ஓர் ஒலியைப் பதிய அதன் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது நிரூபணமான கணக்கு. அப்படிப் பார்த்தால் சி.டி.யே காதுக்கு நிறைபடிதான்.

இதை அப்படியே கம்ப்யூட்டரில் வைத்தால் நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கும். எம்.பி.3 முறையில், காது கவனிக்காது என்று கணித்த பகுதியைப் புடைத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். தள்ளியது திரும்பி வராது. 2001-ல் வந்த ஃப்ளாக் முறை பஞ்சை அழுத்திப் பொதி கட்டுவது போல. இடம் ஏறக்குறைய பாதியாகும். அவிழ்த்தால் ஒரு குன்றிமணிகூடக் குறையாது. சேர்த்து வைக்க இதுவே சரி.

இதற்கும் மேலே ‘ஹை-ரெஸ்’ என்று ஒரு ரகம். 24 பிட், விநாடிக்கு 96,000 அல்லது 192,000 அளவுகள். அழுத்தாமல் வைத்தால் நிமிடத்துக்கு 35 அல்லது 69 மெகாபைட். அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய ஹெச்.டி.டிராக்ஸ் போன்ற கடைகள் இதைத் தனி விலைக்கு விற்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் மிகவும் உதவும். வீட்டில் கேட்பவருக்கு?

மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில் உயர்ரகப் பதிவையும் அதையே சி.டி. அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 தடவையில் 276 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். 2016-ல் ஜோஷுவா ரைஸ் என்பவர் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் நூற்றுக்கு 52 சொச்சம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கூடுதல். வித்தியாசம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஊசிமுனை அளவுதான்.

ஆனாலும் சில ஹை-ரெஸ் பதிப்புகள் கேட்க நன்றாகவே இருக்கின்றன. காரணம் பக்குவம். 1990-களிலிருந்து பல சி.டி.க்களில் எல்லாம் ஒரே சத்தமாக ஒலிக்கும்படி மெல்லிய இடங்களையும் தூக்கி நிறுத்திவிட்டார்கள். புதிய பதிப்புக்கு மூல நாடாவிலிருந்து நிதானமாகப் பக்குவம் செய்தால் பாட்டு மூச்சுவிடுகிறது. அந்தப் பக்குவத்தைச் சி.டி. அளவிலேயே கொடுத்தாலும் அதே சுகம் இருக்கும். மறுபக்கம், சி.டி. சரக்கையே இழுத்துப் பெரிய மூட்டையில் கட்டி ஹை-ரெஸ் சீட்டு ஒட்டுவதும் நடக்கிறது. ஒலியை வரைபடமாகக் காட்டும் இலவசப் புரோகிராம்கள் உண்டு. அதில் கோடு 22,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல் நின்றால் சந்தேகப்படலாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். பாடகர் நீல் யங் 2014-ல் ‘போனோ’ என்ற கருவிக்குப் பொதுமக்களிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கருவி 399 டாலர். இசைக் கம்பெனிகள் ஹை-ரெஸுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கேட்டதாக அவரே குறைப்பட்டார். 2017-ல் போனோ முடிந்தது. 2021-ல் ஆப்பிள் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கு அதே ரகத்தைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்துவிட்டது. பெரிய கடை ஒன்று இலவசமாகத் தரும்போது சின்னக் கடைகளின் பாடு நமக்குத் தெரியாததல்ல.

வாங்குகிறவர்கள் முதலில் நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். கம்ப்யூட்டரோடு, எண்ணை மறுபடி ஒலியாக்கும் டி.ஏ.சி. என்ற சிறு பெட்டி இருந்தால் நல்லது. அதற்குப் பெருவிலை வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் எந்தப் பதிப்பு, யார் பக்குவம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.