வீட்டு நெல்லும் வீட்டுக்கறியும்: நீரிழிவைத் தடுக்கும் உணவு முறை



எரிபந்தம் பரவிய வயலுக்கு மருந்து தெளிப்பதினும், அந்நோய்க்கு ஈடுகொடுக்கும் விதைநெல்லைத் தெரிந்து விதைப்பது செலவு குறைந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியனவும் அவ்வாறே முன்கூட்டித் தடுக்கப்பட வேண்டியவை. ஒரு முறை பற்றினால் இவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வளர்ந்தோருள் 100க்கு 23 பேரிடம் நீரிழிவு காணப்பட்டது.

"நாங்கள் வெயிலிற் பாடுபடுகிறவர்கள், அது கந்தோர்க்காரரின் நோய்" என்று கூறுவோர் உளர். முன்னாளில் அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று உழுவதும் அறுப்பதும் இயந்திரம். துலா ஆடிய கிணற்றில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடுகிறது. உடலுழைப்புக் குறைந்தது, கோப்பையிற் சோறு குறையவில்லை.

உண்மையில் இந்நோய் கமக்காரருக்கே கூடிய தீங்கு செய்யும். நீரிழிவு முற்றினால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர் முள்ளோ பனங்கருக்கோ கிழித்ததை அறியமாட்டார். புண் எளிதில் ஆறாது. விரலையோ காலையோ இழக்கவும் நேரிடும்.

தவிட்டின் பயன்

மொட்டைக்கறுப்பன் போன்ற செந்நெல்லைப் புழுக்கி, உரலிற் குற்றியோ ஆலையில் மெல்லத் தீட்டியோ உண்பது நம் பழைய வழக்கம். புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் சென்று தங்கும். இதன் அருமையை உலகம் அறிந்தது கோழிகளாலே எனலாம். 1890களில் யாவாத் தீவில் ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் அவ்வழியே தெளிவாயிற்று. 1929இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பெரிபெரி இன்று அருகிவிட்டது. ஆயினும் தவிட்டை இழப்பதால் வரும் கேடு தீரவில்லை. தவிட்டிலுள்ள நார் சமிபாட்டைத் தாமதப்படுத்தும். சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் மெல்ல மெல்லச் சேரும். வெள்ளை வெளேரெனத் தீட்டிய அரிசியில் அத்தடை இல்லை. விரைந்து ஏறும் குளுக்கோசைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்க வேண்டும். உடற்பருமனும் சேர்ந்து ஆண்டுகள் பல செல்லுங்கால் அது ஈடுகொடுக்க மாட்டாது. இரவிற் சோற்றை விட்டு, வெள்ளைக் கோதுமை மாவில் அவித்த இடியப்பத்திற்கும் பிட்டுக்கும் மாறியோர் தப்பிவிட்டதாக எண்ணுகின்றனர். அது வீண் ஆறுதல். குரக்கன் பிட்டு மேலானது. எனினும் அதுவும் அளவுக்குட்பட்டதே.

ஆகவே, ஆலைக்கு நெல் கொண்டு செல்லும்போது வீட்டுக்குரிய மூட்டையை வேறாக்கி, அதனைக் குறைவாகத் தீட்டும்படி கேளுங்கள். தவிட்டிலுள்ள எண்ணெயால் இவ்வரிசி நாட்பட்டாற் சிக்கு நாற்றம் வீசும். இரண்டு மூன்று வாரத்திற்கு வேண்டியதை மட்டும் தீட்டுவித்துக்கொள்வது நன்று.

சந்தைக்கு முன் வீட்டுக்கு

நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராமுக்குக் குறையாமல் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மரவள்ளி, வற்றாளை, உருளைக்கிழங்கு ஆகியவை இக்கணக்கிற் சேரா; அவை சோற்றுக்கு நிகரானவை. செம்மண் தோட்டங்களிலிருந்து கரட்டும் கோவாவும் பயிற்றையும் சந்தைக்குச் செல்ல, விளைவித்தவர் வீட்டில் கிழங்குக் கறியோடு சோறு உண்பதை அடிக்கடி காண்கின்றோம். கிணற்றடி வாய்க்காலோரம் பொன்னாங்காணி, வல்லாரை, பசளிக்கு ஒரு சிறு பாத்தி ஒதுக்குங்கள்; வேலியில் முருங்கையும் அகத்தியும் நில்லாத வளவு அரிது. கோப்பையில் அரைப்பங்கு மரக்கறி, காற்பங்கு சோறு, எஞ்சியது பருப்பு, மீன் அல்லது முட்டை என்ற கணக்கு நினைவில் வைத்தற்கு எளியது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். அது மட்டமான ஒரு தேக்கரண்டி அளவாகும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இதிற் சேரும். தோட்டத்திற்குக் கொண்டு செல்லும் தேநீரிற் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடலாம். போத்தற் குளிர்பானங்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016 முதல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு வட்டமாயின் சீனி மிகுதி.

இவற்றால் நோய் தடைப்படுமா என ஐயுறுவோர்க்குச் சென்னையிலிருந்து விடை உண்டு. வைத்தியர் இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் வாயிலில் நின்ற இந்தியர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேர் நோயுற்றனர். உணவையும் உடலுழைப்பையும் திருத்தியவர்களுள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. எல்லோரும் தப்பவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்துண்போர் சோற்றைத் திடீரெனக் குறைத்தலாகாது, மயக்கம் நேரலாம். சிறுநீரக நோயாளர் கீரையை மிகுதியாக்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். 35 வயதைக் கடந்தோர் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். காலபோக விதைப்புக்கு முன், வேலை நெருக்காத ஒரு காலையில், உணவருந்தாமற் செல்லுங்கள்.