பௌர்ணமி ஊரிலிருந்து அமாவாசைக் கரைக்கு

திருவண்ணாமலைக்காரர்களுக்கு நிலாக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலம். அமாவாசை என்றால் பழைய குடும்பங்கள் சிலவற்றுக்கு வேதாரண்யம், அதற்கும் அப்பால் கோடியக்கரை. ஆடியிலும் தையிலும் அந்தக் கடலில் முழுகி முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

அன்றைக்குப் பயணத் திட்டம் என்பது பஞ்சாங்கமும் கட்டுச்சோறும்தான். மீட்டர்கேஜ் வண்டியில் விழுப்புரம், அங்கே மாறி மாயவரம், மறுபடி மாறித் திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி, பிறகு கிளைப்பாதை. கோடியக்கரை வரைக்குமே ரயில் போன காலம் உண்டு. பின்னால் அது அகஸ்தியன்பள்ளியோடு நின்றுபோனது. மூட்டையில் புளிச்சோறு, கூஜாவில் தண்ணீர். மான் பார்க்கவென்று யாரும் கிளம்பியதில்லை. முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு குழகர் கோயிலுக்கு நடக்கும்போது வெளிமான் கூட்டம் குறுக்கே ஓடும். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். கடலோரத்தில் இப்படித் தன்னந்தனியாக இருக்கிறீரே என்று சுந்தரர் அந்தக் குழகரிடம் வருந்திப் பாடியிருக்கிறார். அவ்வளவு ஒதுங்கிய ஊர் அது.

அந்த வெளிமான்களுக்காகத்தான் 1967-ல் சரணாலயம் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று பார்த்துவருகிறார்கள். 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இன்று எல்லாமே கைபேசிக்குள். வாடகைக் கார் வாசலுக்கு வருகிறது, வழியை வரைபடம் சொல்கிறது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி தடத்தில் அகலப்பாதை ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. போவது எப்படி என்ற கேள்விக்கு இத்தனை பதில் இருக்க, எப்போது போவது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பள்ளி விடுமுறை என்று மே மாதம் கிளம்பிப் போய், பூநாரையைக் காணோமே என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எப்படி இருக்கும்? வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. பங்குனிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். மே மாத வெயிலில் உப்பளமும் காய்ந்த சேறும்தான் மிச்சம்.

பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துப் போனவர்களோ, தை அமாவாசையன்று பறவைக் காலத்தின் நடுவிலேயே போய் இறங்கினார்கள். திட்டமிடாமலே வாய்த்த திட்டம்! ஆடி அமாவாசைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைய காடும் இன்றில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் மரங்களை முறித்துப் போட்டது. மான்கள் பல மாண்டன. மிஞ்சிய புல்வெளியைச் சீமைக்கருவேலம் நெருக்குகிறது. போதாக்குறைக்கு, காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் மானோடு அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. கூட்டமும் குப்பையும் கூடிவிட்டன. ஆனால் வெளிமான் இன்னும் அங்கேதான் இருக்கிறது, எந்த மாதம் போனாலும். விடிந்ததும் போவது நல்லது. வெயில் ஏறினால் அது புதர் நிழலில் ஒதுங்கிவிடும்.

என்னைக் கேட்டால், தை அமாவாசைக் கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் போகலாம். வனத்துறை விடுதியில் இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேதாரண்யத்தில் தங்கலாம். தொலைநோக்கியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பாகவே ஊர் திரும்பிவிடுவது உத்தமம். தாமதித்தால், பறவை பார்த்துவிட்டு வந்தவர் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் தலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.