கணிப்பொறி கோடு போடும். கணக்கு யார் போடுவது?

உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, "அண்ணே, சுவரில் பலகை பொருத்த ஒரு பிராக்கெட் செய்து தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே வேலையைத் தொடங்கிவிட மாட்டார். "நீளம் என்ன? உயரம் என்ன? தகட்டின் கனம் எவ்வளவு? துளை எந்த இடத்தில்?" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். நேரில் நிற்பதால் நீங்கள் கையைக் காட்டி விளக்கிவிடலாம். அவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவருக்கு உங்கள் மொழியே தெரியாது என்றால்?

அப்போது உங்களுக்காகப் பேச வேண்டியது ஒரு படம்தான். கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை சொல்லும் படத்தையே தொழில்நுட்ப வரைபடம் என்கிறோம்.

முன்பெல்லாம் வரைபலகை, டீ ஸ்கொயர், மூலைமட்டம், கூர்மையான பென்சில் ஆகியவற்றைக் கொண்டு இப்படங்களை வரைந்தார்கள். இன்று பெரும்பாலான படங்கள் கணிப்பொறியில் வரையப்படுகின்றன. இதற்கான மென்பொருள்களைச் சுருக்கமாக 'கேட்' என்பார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கூட இவற்றைப் பழகலாம். ஆனால் ஓர் ஐயம் எழுவது இயல்பே. கோட்டை நேராகவும் வட்டத்தைச் சரியாகவும் கணிப்பொறியே போட்டுவிடுகிறது. பிறகு நாம் எதற்காக வரையக் கற்க வேண்டும்? இதற்கு விடை காண்போம்.

ஒரு தோற்றம் போதாதா?

ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனருகே, விட்டமும் உயரமும் சமமாக உள்ள ஓர் உருளையை நிற்க வையுங்கள். இரண்டையும் கண் மட்டத்திற்கு உயர்த்தி, சற்று எட்டி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டின் வெளிக்கோடும் சதுரமாகவே தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் ஒன்று சதுரம், மற்றது வட்டம் என்பது விளங்கும்.

இன்னும் சுவையான ஒரு புதிர் உண்டு. ஓர் அட்டையில் மூன்று ஓட்டைகள்: ஒன்று 4 செ.மீ. பக்கமுள்ள சதுரம்; ஒன்று 4 செ.மீ. விட்டமுள்ள வட்டம், ஒன்று 4 செ.மீ. அடியும் 4 செ.மீ. உயரமும் கொண்ட இருசமபக்க முக்கோணம். இம்மூன்று ஓட்டைகளையும் அடைக்கக்கூடிய ஒரே அடைப்பானைச் செய்ய முடியுமா?

முடியும். பெரிய உருளைக்கிழங்கு ஒன்றிலிருந்து 4 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. உயரமும் உள்ள உருளையை வெட்டுங்கள். மேல் வட்டத்தில் ஒரு விட்டத்தைக் கோடாகக் கீறுங்கள். அக்கோட்டிலிருந்து தொடங்கி, இருபுறமும் சரிவாக, அடிவட்டத்தின் விளிம்பு வரை சீவுங்கள். இப்போது அதை மேலிருந்து பார்த்தால் வெளிக்கோடு வட்டம். முன்னிருந்து பார்த்தால் சதுரம். பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம்! தம்பி தங்கைகளுக்கு வரைபடம் கற்றுக் கொடுக்க விரும்பினால் கணிப்பொறியை இயக்கும் முன் இதைச் செய்து காட்டுங்கள். கத்தி மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒரு பொருளை ஒரே பக்கத்திலிருந்து பார்த்து முடிவு கட்டலாகாது. முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே பெரும்பாலான பொருள்களின் வடிவத்தை அறிகிறோம்.

கோட்டைச் சுவரும் இளைஞரும்

இம்முறைக்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஷ். 1746 இல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய காலத்தில் மெசியேர் என்ற ஊரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் படம் வரையும் பணியில் இருந்தார். எதிரியின் குண்டுகள் உள்ளே விழாதபடி கோட்டைச் சுவர்களை எப்படி அமைப்பது என்று கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. அக்காலத்தில் அதற்கு நீண்ட எண்கணக்குகள் தேவைப்பட்டன. மோன்ஷ் அவற்றை விட்டுவிட்டு, தரையின் மேலும் சுவரின் மேலும் பொருளின் தோற்றங்களை வீழ்த்தி வரைந்து, விடையை விரைவில் கண்டுவிட்டார். இவ்வளவு சீக்கிரத்தில் விடை வராது என்று எண்ணிய அதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தாராம்!

பின்னர் அம்முறையின் அருமை உணரப்பட்டு, அது இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டது. 1795 இல் பாரிசில் மோன்ஷ் ஆற்றிய விரிவுரைகள் மூலமே அது வெளியுலகிற்கு வந்தது. 1799 இல் நூலாயிற்று. ஒரு காலத்தில் ஒரு நாடு ஒளித்து வைத்த அறிவை இன்று பள்ளி மாணவர் கற்கிறார்.

ஒளிப்பேனா தந்த புதுமை

கணிப்பொறித் திரையில் வரையும் கலைக்கு 1963 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஐவன் சதர்லேண்ட், 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். டி.எக்ஸ்.-2 என்ற கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனா ஒன்றால் கோடுகள் வரைந்தார்.

திரையில் கோடு தெரிந்தது மட்டுமல்ல புதுமை. கோணலாக ஒரு நாற்கரத்தை வரைந்துவிட்டு, "பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும்" என்று கட்டளையிட்டால், கணிப்பொறியே அதைச் செவ்வகமாகத் திருத்திக் கொள்ளும். அதாவது, படத்தோடு சேர்த்து அதன் கோடுகளுக்கு இடையிலான உறவுகளையும் அது நினைவில் வைத்தது. இத்தகைய உறவுகளைக் 'கட்டுப்பாடுகள்' என்கிறோம். இன்றைய கேட் மென்பொருள்கள் பலவற்றின் உயிர்நாடி இதுவே. இங்கேதான் நமது கணக்கும் தொடங்குகிறது.

எட்டிலிருந்து பூச்சியத்திற்கு

தாளில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும்: கிடைத்தொலைவு ஒன்று, செங்குத்துத் தொலைவு ஒன்று. நாற்கரத்திற்கு நான்கு முனைகள். ஆகவே அதை முழுமையாகக் குறிக்க 4 × 2 = 8 எண்கள் வேண்டும். எட்டும் தம் விருப்பம்போல் மாறலாம் என்றால் அந்த நாற்கரம் எப்படியும் நெளியும், நகரும்.

இப்போது கட்டுப்பாடுகளை விதிப்போம். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் கிடையாக இருக்கட்டும். இடப் பக்கமும் வலப் பக்கமும் செங்குத்தாக இருக்கட்டும். நான்கு கட்டுப்பாடுகள், எட்டில் நான்கு கழிந்து மீதம் 4. ஒரு முனையை ஆதிப்புள்ளியில் பொருத்துங்கள். இரண்டு எண்கள் முடிவாகிவிட்டன. மீதம் 2. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று சொல்லுங்கள். மீதம் பூச்சியம். இனி அந்தச் செவ்வகம் அசையாது.

பதினோராம் வகுப்பில் வாயு மூலக்கூறுகளைப் பற்றிப் படிக்கும்போது 'சுதந்திர இயக்கக் கூறுகள்' என்று ஒரு கருத்து வரும். மேலே மீதம் என்று நாம் எண்ணியதும் அதே கருத்துதான். இலவசமாகக் கிடைக்கும் 'ஃப்ரீகேட்' மென்பொருளில் வரைந்தால், இன்னும் எத்தனை சுதந்திரக் கூறுகள் மீதமுள்ளன என்பதை அது எண்ணிச் சொல்லும். எல்லாம் தீர்ந்ததும் கோடுகள் பச்சை நிறமாகும்.

எந்தக் கட்டுப்பாட்டை விதிப்பது, எந்த அளவைத் தருவது என்பதை மட்டும் அது தானாக முடிவு செய்யாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

தொடக்கத்தில் பட்டறைக்காரரிடம் கேட்ட பிராக்கெட்டையே வரைவோம். நம் 'ட' எழுத்தின் வடிவம் அதற்கு. கிடைக்கை 60 மி.மீ. நீளம், நிற்கும் கை 40 மி.மீ. உயரம், இரண்டுக்கும் கனம் 5 மி.மீ.; தகட்டின் அகலம் 30 மி.மீ. கிடைக்கையில், நிற்கும் கையின் வெளிப்புறத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி, அகலத்தின் நடுவே, 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை.

முதலில் தாளில் வரையுங்கள். முன் தோற்றத்தில் 'ட' தெரியும். மேல் தோற்றத்தில் 60 × 30 செவ்வகமும் துளையின் வட்டமும் தெரியும். நிற்கும் கையின் உள் விளிம்பைக் காட்ட, இட ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு கோடு வரும். பக்கத் தோற்றம் 30 × 40 செவ்வகம். முன் தோற்றத்தில் துளை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கிறது. எனவே அதை விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளால் காட்ட வேண்டும். இதற்கு மறைகோடு என்று பெயர்.

அடுத்து திரைக்கு வருவோம். சிறு வகுப்பினர் 'டிங்கர்கேட்' மென்பொருளில் தொடங்கலாம். இதில் இரண்டு கனசெவ்வகங்களை ஒட்டி, ஓர் உருளையைக் கழித்தால் பிராக்கெட் ஆயத்தம்! கூட்டலும் கழித்தலும்தான்.

நீங்கள் ஃப்ரீகேட்டில் 'ட' வடிவத்தை வரையுங்கள். அதற்கு ஆறு முனைகள். ஆகவே 12 எண்கள். மூன்று கிடைக்கோடுகள், மூன்று செங்குத்துக் கோடுகள் என்று விதித்தால் மீதம் 6. ஒரு முனையை ஆதிப்புள்ளியில் வைத்தால் 4. இனி 60, 40, 5, 5 என்ற நான்கு அளவுகளையும் தந்தால் பூச்சியம். அதற்குமேல் உள் நீளம் 54 என்று ஓர் அளவைத் திணித்துப் பாருங்கள். மென்பொருள் முரண்பாடு என்று தெரிவிக்கும். 60 இலிருந்து 5 போனால் 55 அல்லவா?

வடிவத்திற்கு 30 மி.மீ. அகலம் கொடுத்து, துளையிட்டு, அதன் கனஅளவைக் கேளுங்கள். விடை வரும் முன் கையால் கணக்கிடுங்கள். 'ட'வின் பரப்பு (60 × 5) + (35 × 5) = 475 ச.மி.மீ. அதை 30 ஆல் பெருக்கினால் 14,250 கன மி.மீ. துளையில் போனது சுமார் 141. மீதம் ஏறத்தாழ 14,109 கன மி.மீ., அதாவது 14.1 கன செ.மீ. அலுமினியத்தில் செய்தால் சுமார் 38 கிராம். இரும்பில் செய்தால் சுமார் 111 கிராம். உங்கள் கணக்கும் திரையின் விடையும் ஒத்துவந்தால் வரைபடத்தை நம்பலாம். ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் அளவு பிசகியிருக்கிறது.

எங்கே பிழை நேரும்?

முதலாவது, அலகு. முப்பரிமாண அச்சுப்பொறிக்குப் பெரும்பாலும் அனுப்பப்படும் எஸ்.டி.எல். கோப்பில் எண்கள் உண்டு, அலகு கிடையாது. 60 மில்லிமீட்டரை 60 அங்குலம் என்று கொண்டால் நீளம் 25.4 மடங்காகும். கனஅளவோ 16,000 மடங்கிற்கும் மேல்!

இரண்டாவது, தோற்றங்களை வைக்கும் இடம். இந்தியாவில் வழங்கும் முதற்கோண முறையில் மேல் தோற்றத்தை முன் தோற்றத்திற்குக் கீழே வரைவார்கள். அமெரிக்காவில் வழங்கும் மூன்றாங்கோண முறையில் அது மேலே வரும். ஒரு முறையில் வரைந்ததை மற்ற முறையில் படித்தால், இடம் வலம் மாறிய பொருள் உருவாகக்கூடும். இதற்காகவே எந்த முறை என்பதைக் காட்டும் குறியைப் படத்தின் ஓரத்தில் இடுகிறார்கள்.

மூன்றாவது பெரியோருக்கும் நேர்ந்தது. ஏ-380 என்னும் மாபெரும் பயணி விமானத்தின் பாகங்கள் ஐரோப்பாவின் பல நாடுகளில் உருவாயின. ஒரு விமானத்தில் மட்டும் சுமார் 500 கி.மீ. நீளத்திற்கு மின்கம்பிகள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் பிரான்சின் துலூஸ் நகரிலும் ஒரே கேட் மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளைத் துலூசில் பொருத்தியபோது அவை சரியாக அமையவில்லை. 2006 இல் அறிவிக்கப்பட்ட நீண்ட காலதாமதத்திற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளரை அடைந்தது. இரு புறமும் கணிப்பொறிகளுக்குக் குறைவில்லை. வரைந்தவரும் படித்தவரும் ஒரே பொருளைப் புரிந்துகொள்கிறார்களா என்பதுதான் சரிபார்க்கப்படவில்லை.

ஆகவே, நண்பர்களே, நாம் எதற்காக வரையக் கற்க வேண்டும் என்ற ஐயத்திற்கு விடை இதுதான். கோடு போடும் வேலையைக் கணிப்பொறியிடம் தாராளமாக விட்டுவிடலாம். பொருளை மூன்று புறமும் மனக்கண்ணால் காண்பது, அதை உறுதிப்படுத்தத் தேவையான எண்கள் எவை என்று தேர்ந்தெடுப்பது, செய்யப் போகிறவர் எதைத் தவறாகப் படிக்கக்கூடும் என்று முன்னமே யோசிப்பது ஆகிய மூன்றும் நம் வேலைகள்.

வீட்டில் உடைந்துபோன ஒரு சிறு பிளாஸ்டிக் பாகமோ, பழைய கதவின் கீலோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலால் அளந்து, மூன்று தோற்றங்களையும் வரையுங்கள். பிறகு அந்தப் பொருளைப் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, களிமண்ணில் அதைச் செய்யச் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் செய்து முடித்தால் உங்கள் வரைபடம் வெற்றி பெற்றது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், நீங்கள் தர மறந்த ஓர் அளவைக் காட்டும்.